ஷூமாக்கருக்காகக் காரைக்குடியில்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 3-ம் தேதி, கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரின் பிறந்தநாளில், காரைக்குடியில் நாங்கள் சிலர் சேர்ந்து ரத்ததானம் செய்கிறோம். அன்றைக்கு வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி ஏதாவது கேட்பார்கள். போனிலும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நான் செக்காலை ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். எங்களுக்குச் சங்கப் பதிவு கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது. பதினைந்து இருபது பேர், அவ்வளவுதான்.

நான் ரேஸே பார்த்ததில்லை. யார் இந்த ஷூமாக்கர்?

ஜெர்மனிக்காரர். 1969-இல் பிறந்தவர். அப்பா கொத்தனார். கெர்பென் என்ற ஊரில் சின்னப் பிள்ளைகள் கார்ட் வண்டி ஓட்டும் தடத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அம்மா அங்கேயே கேன்டீனில் வேலை. மற்ற பிள்ளைகள் தேய்ந்துவிட்டது என்று போட்டுவிட்டுப் போன டயர்களை எடுத்து மாட்டி ஓட்டிப் பழகிய பையன், கார் பந்தயத்தின் உச்சப் போட்டியான ஃபார்முலா ஒன்னில் ஏழு முறை உலக சாம்பியன் ஆனார். 1994, 1995-இல் பெனட்டன் அணியில். பிறகு 2000 முதல் 2004 வரை வரிசையாக ஐந்து வருஷம் ஃபெராரியில். மொத்தம் 91 வெற்றி. 2000-இல் அவர் ஜெயித்தபோது, ஃபெராரி வீரர் ஒருவர் சாம்பியன் ஆகி 21 வருஷம் ஆகியிருந்தது. அதனால்தான் இத்தாலிக்காரர்கள் அவரை இன்றைக்கும் வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுகிறார்கள்.

தப்பே செய்யாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். 1997-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில், பட்டத்துக்குப் போட்டியாக இருந்த வில்நவ் கார் மீது வேண்டுமென்றே திருப்பினார். அந்த வருஷம் அவர் எடுத்த இரண்டாம் இடத்தையே பறித்துவிட்டார்கள். அது சரியான தண்டனைதான். அதே மனிதர், 2000-இல் மொன்சாவில் 41-வது வெற்றி பெற்றபோது, 1994-இல் பந்தய விபத்தில் இறந்த சாம்பியன் சென்னாவைச் சொல்லி, ‘அவருடைய எண்ணிக்கையைத் தொட்டுவிட்டீர்களே’ என்று ஒருவர் கேட்டதும், அத்தனை கேமரா முன்னாலும் முகத்தைக் கவிழ்த்து அழுதார். பேச முடியவில்லை. இரும்பு மனுஷன் என்று நினைத்திருந்த ஆள் அப்படி உடைந்ததைப் பார்த்த அன்றுதான் பலர் அவர் பக்கம் வந்தோம்.

அவருக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றும் கிடையாது. எல்லாம் மலேசியா வழியாக வந்ததுதான். நம் பக்கத்தில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், மலேயாவுக்கோ பர்மாவுக்கோ கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஒரு ஐயா கதை இருக்கும். அந்தக் காலம் முடிந்த பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. நான் 1998-இல் கோலாலம்பூர் போனேன், லெபோ அம்பாங் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுத. அடுத்த வருஷம் செப்பாங்கில் புதிதாகப் பந்தயத் தடம் திறந்தார்கள். முதலாளியின் தம்பி, ‘ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கு, வாங்கண்ணே’ என்று கூட்டிப்போனார்.

1999 அக்டோபர் 17. புல்மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். முதல் கார் கடந்தபோது எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பக்கத்திலிருந்த மலாய்ப் பெரியவர் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு பிய்த்துக் கொடுத்தார், காதில் வைக்க. அவர்தான் சொன்னார்: ‘அந்த ஆளுக்குக் கால் உடைந்திருந்தது, தெரியுமா?’ எனக்கு அதுவரை தெரியாது. ஜூலை 11 அன்று சில்வர்ஸ்டோனில் பிரேக் பிடிக்காமல் டயர்ச் சுவரில் மோதி ஷூமாக்கரின் வலது கால் உடைந்தது. ஆறு பந்தயம் போயிற்று. 98 நாள் கழித்து அவர் முதலில் வந்து நின்றது செப்பாங்கில்தான். தகுதிச் சுற்றில் எல்லோரையும்விடக் கிட்டத்தட்ட ஒரு விநாடி வேகம். பந்தயத்தில் சாம்பியன் பட்டத்துக்குப் போராடிக்கொண்டிருந்த தன் அணித் தோழர் எடி இர்வைனுக்கு வழிவிட்டு இரண்டாவதாக வந்தார்.

கால் உடைந்தவர் அப்படித் திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். 2013-இல் அவர் பனிச்சறுக்கில் விழுந்து தலையில் அடிபட்ட செய்தி வந்தபோது நான் ஊருக்குத் திரும்பி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ‘இவர் எழுந்துவிடுவார்’ என்று கடைக்கு வந்த எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன்.

செப்பாங்கில் அவர் 2000, 2001, 2004 என மூன்று முறை ஜெயித்தார். 2001 பந்தயம்தான் உச்சம். மூன்றாவது சுற்றில் வானம் பிளந்துகொண்டது. இரண்டு ஃபெராரியும் ஒரே வளைவில் சறுக்கி வெளியே போயின. டயர் மாற்ற உள்ளே போனால் அங்கே டயரே மாறிப்போய் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றார். பதினொன்றாவது இடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி வந்து ஜெயித்தார். தொப்பலாக நனைந்து, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. 2005 ஜூனில் அமெரிக்காவில் டயர்ப் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் ஷூமாக்கர் முதலிடம், நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவது. ஒரே பட்டியலில் இரண்டு பெயரையும் பார்த்தபோது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

2013-இல் என்னதான் நடந்தது?

டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸில் மெரிபெல் என்ற மலையூரில் மகன் மிக்குடன் பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தார். குறியிட்ட பாதைக்குச் சற்று வெளியே, பனிக்கு அடியில் மறைந்திருந்த பாறையில் சறுக்குப் பலகை தட்டி விழுந்ததில், தலையின் வலதுபக்கம் இன்னொரு பாறையில் மோதியது. ஹெலிகாப்டரில் தூக்கிப்போய், பிறகு கிரெனோபிள் மருத்துவமனைக்கு மாற்றி, இரண்டு முறை தலையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். மருந்து கொடுத்து ஆழ்மயக்கத்தில் வைத்திருந்தார்கள். 2014 ஜூன் 16 அன்று கோமாவிலிருந்து வெளியே வந்துவிட்டார், லோசான் மருத்துவமனைக்கு மாறுகிறார் என்று அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள சொந்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இனி வீட்டில் வைத்தே சிகிச்சை தொடரும் என்று அறிவித்தார்கள்.

அதிவேகமாகப் போனார் என்று அப்போது பேசினார்கள். அதை நம்ப வேண்டாம். விசாரணை செய்த அரசு வழக்கறிஞரே வேகத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. யார் மீதும் குற்றம் இல்லை என்று 2014 பிப்ரவரியில் விசாரணையை முடித்துவிட்டார்கள்.

இப்போது எப்படி இருக்கிறார்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லாத கேள்வியும் இதுதான்.

குடும்பம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சாம்பியனாக இருந்த காலத்திலும் அவர் தன் வீட்டைக் கேமராவிடமிருந்து தள்ளியே வைக்கப் பார்த்தவர். 2021-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் மனைவி கொரின்னா பேசினார். மைக்கேல் எங்களை எப்போதும் பாதுகாத்தார், இப்போது நாங்கள் அவரைப் பாதுகாக்கிறோம் என்ற பொருளில் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் நானும் தினமும் இரவில் போனில் தேடிக்கொண்டிருந்தவன்தான்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு வரைக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம். திண்ணையில் உட்காரலாம், மோர் கேட்டுக் குடிக்கலாம். வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குக் கூப்பிடாமல் யாராவது போவோமா? உடம்புக்கு முடியாதவரைப் படுக்க வைத்திருப்பது அங்கேதான். ரசிகனுக்கு இடம் முகப்பு.

ஆனால் அவ்வப்போது ஏதோ செய்தி, படம் எல்லாம் வருகிறதே?

வரும். தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்த அந்த வாரமே ஒருவர் பாதிரியார் வேடம் போட்டு மருத்துவமனை அறைக்குள் நுழையப் பார்த்தார் என்று அவருடைய மேலாளர் சொன்னார். 2014 ஜூனில் அவருடைய மருத்துவக் குறிப்புகளைத் திருடிப் பத்திரிகைகளிடம் விலை பேசினார்கள். 2023 ஏப்ரலில் ஜெர்மனியின் ஒரு வார இதழ், அவருடைய ‘முதல் பேட்டி’ என்று அட்டையில் போட்டது. உள்ளே இருந்த பதில்கள் எல்லாம் செயற்கை நுண்ணறிவு எழுதியவை. ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு குடும்பத்துக்கு இரண்டு லட்சம் யூரோ இழப்பீடும் கொடுத்தார்கள். அதற்கும் மேல், அந்த வீட்டில் பாதுகாப்பு வேலை பார்த்த ஒருவர் மூலமாகவே படங்கள் வெளியே போய், 1.5 கோடி யூரோ கொடுக்காவிட்டால் இணையத்தில் போட்டுவிடுவோம் என்று மிரட்டினார்கள். அந்த வழக்கில் 2025 பிப்ரவரியில் மூன்று பேருக்குத் தண்டனை ஆயிற்று.

இந்த வியாபாரம் எதை நம்பி நடக்கிறது? நம் விரலை நம்பித்தான். ‘ஐயோ பாவம், எப்படி இருந்த மனுஷன்’ என்று பரிதாபப்பட்டு அழுத்துகிற விரல்தான் அந்தப் படத்துக்கு விலை வைக்கிறது. இரண்டு மூன்று முறை ‘இறந்துவிட்டார்’ என்றுகூடக் குழுவில் வந்தது. ஒரு தம்பி கண்ணீர் அஞ்சலி டிசைன் செய்தே போட்டுவிட்டான். பிறகு அவனே நேரில் கடைக்கு வந்து வருத்தப்பட்டான். அன்றிலிருந்து எங்கள் குழுவில், குடும்பமோ அவர்களுடைய அலுவலகமோ சொல்லாத எதையும் போடுவதில்லை.

அது விபத்துதானே? இத்தனை வருஷமாக நோயாளி என்று எப்படிச் சொல்வது?

கால் எலும்பு உடைந்தால் கூடிவிடும். மூளை அப்படி இல்லை. மண்டையோடு மூடிய பெட்டி மாதிரி. உள்ளே அடிபட்டு வீங்கினால் வீக்கத்துக்குப் போக இடம் கிடையாது. அழுத்தம் கூடக் கூட ரத்த ஓட்டம் குறைந்து, அடிபடாத பகுதியும் கெடத் தொடங்கும். அதனால்தான் மண்டையோட்டைப் பிரித்து அழுத்தத்தைக் குறைப்பதும், மூளை குறைவாக வேலை செய்யட்டும் என்று மயக்கத்தில் வைப்பதும். ஒருமுறை செத்த மூளை அணுக்கள் பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. மிச்சம் இருக்கும் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும். அது வருஷக் கணக்கில் நடக்கும், எவ்வளவு தூரம் போகும் என்று ஆளுக்கு ஆள் மாறும். செப்பாங்கை வைத்து 2013-இல் நான் சொன்ன ஜோசியம் பொய்த்தது இதனால்தான்.

பந்தய வீரர்களுக்கு நோயும் வந்திருக்கிறது. 2001-இல் உலக ராலி சாம்பியனான ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003 நவம்பரில் பந்தயத்துக்குக் கார் ஓட்டிப் போகும் வழியில் நினைவிழந்தார். பார்த்தால் மூளையில் கட்டி. 2005 நவம்பர் 25-இல் இறந்தார். அவர் சாம்பியனானதும் நான்கு வருஷம் முன்பு அதே தேதியில்தான். 34 வயது. ஃபார்முலா ஒன் சாம்பியன் நிக்கி லாடா 1976-இல் பந்தய விபத்தில் தீயில் வெந்து, ஆறே வாரத்தில் கட்டுப்போட்ட தலையோடு மொன்சாவில் கார் ஓட்டி நான்காவதாக வந்தவர். அவரே 2018-இல் நுரையீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த மே மாதம் போய்விட்டார். அதே வாரம் மொனாக்கோவில் அவருக்காக, அவர் வழக்கமாகப் போடுவது போன்ற சிவப்புத் தொப்பி போட்டு நின்றார்கள்.

குடும்பத்துக்குப் பணம் வசூலித்து அனுப்புகிறீர்களா?

இல்லை. அவர்களுக்கு நம் பணம் தேவையில்லை. அவர் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் வசூலுக்கு வந்தால் கொடுக்காதீர்கள். நாங்கள் எதற்கும் வசூலிப்பதில்லை.

உண்மையில் கொடுத்தது அவர்தான். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, ஜனவரி முதல் வாரத்தில் நடந்த ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி நிதி நிகழ்ச்சியில், ஒரு கோடி அமெரிக்க டாலர் தருவதாக அறிவித்தார். ஷூமாக்கருக்கு மெய்க்காவலராக இருந்தவரும் அந்தக் காவலரின் இரண்டு பிள்ளைகளும் தாய்லாந்தில் அந்த அலையில் போனவர்கள். அந்தப் பணம் எந்தக் கரைக்குப் போனால் என்ன? நாகப்பட்டினத்துக் கரையைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு, ஒரு கார் ஓட்டுநர் அப்படி அள்ளிக் கொடுத்தது மனசில் ஆழமாகத் தங்கிவிட்டது. நாங்கள் ரத்தம் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஜனவரி 3 அன்று என்ன செய்கிறீர்கள்?

இது தொடங்கியதே கிரெனோபிளைப் பார்த்துத்தான். 2014 ஜனவரி 3, அவருடைய 45-வது பிறந்தநாள். மருத்துவமனைக்கு வெளியே ரசிகர்கள் சிவப்புச் சட்டையும் கொடியுமாக வந்து நின்றார்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. உள்ளே நோயாளிகள் இருக்கிறார்கள் என்று அமைதியாக நின்றார்கள். அந்தப் படத்தை டிவியில் பார்த்துவிட்டு, நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நாலு பேர் ஒரு டீக்கடையில் பேசியதுதான் ஆரம்பம். கட் அவுட் வைக்கலாம் என்றார் ஒருவர். பால் ஊற்றுகிற பேச்சும் வந்தது. ரத்தம் கொடுப்போம் என்று சொன்னது எங்களில் வயதில் சிறியவன், பாலிடெக்னிக் மாணவன்.

காலையில் கோவில். முதல் வருஷம் குன்றக்குடியில் ஒரு சிக்கல். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். பெயர் மைக்கேல் என்றோம். நட்சத்திரத்துக்கு முழித்தோம். யாருக்காக என்று விசாரித்தார். சொன்னோம். ‘பரவாயில்லை, சுவாமி பேருக்கே பண்ணிடறேன், அவருக்குப் போய்ச் சேரும்’ என்று சண்முகநாதன் பெயருக்கே அர்ச்சனை செய்து கொடுத்தார். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான். தேவகோட்டையிலிருந்து வரும் நண்பர் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். அப்புறம் ரத்ததானம். கேக் வெட்டுவதில்லை, பட்டாசு இல்லை, மைக் செட் இல்லை.

ரத்தம் யார் கொடுக்கலாம்?

18 வயது முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருப்பவர்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. வெறும் வயிற்றோடு வராதீர்கள். மற்றதை ரத்த வங்கிக்காரர்களே பார்த்துச் சொல்வார்கள்.

ரேஸ் வீரர் பேரில் ஹெல்மெட் பிரச்சாரம் எதற்கு?

விபத்துக்கு மறுநாள் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள்: தலையில் ஹெல்மெட் இல்லாமல் இருந்திருந்தால் இங்கே வந்தே சேர்ந்திருக்க மாட்டார். இதைவிட வேறு என்ன வேண்டும்?

என் கடைக்கு வருகிற ஹெல்மெட்டுகளைப் பார்க்கிறேன். பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஓட்டுவார்கள், கண்ணாடியில் மாட்டுவார்கள். தலையில் போட்டாலும் தாடைப் பட்டையைப் போடுவதில்லை. பட்டை போடாத ஹெல்மெட், விழும்போது நமக்கு முன்னால் போய்த் தரையில் விழும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்ந்திருக்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கியிருக்கும்; அடியைத் தாங்குவது அந்த அடுக்குதான். அதைத் தம்பிக்கு ஓட்டக் கொடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தில் அடிபட்டிருக்கலாம். தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுக்காதீர்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்று பயப்பட வேண்டாம். உதவி செய்பவருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. செலவுக்கும் பயம் வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்று 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் படுத்திருக்கிறார். ஷூமாக்கருக்கு இருக்கும் வசதி எங்களுக்கு ஏது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது ஓர் ஆச்சி. மூன்றாவது வருஷ முகாமில் ஓரமாக நின்று போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘இந்தத் தம்பி எத்தனை வருஷமாப் படுத்திருக்கு?’ என்றார்கள். சொன்னேன். ‘எம் மகன் ரெண்டு வருஷமா’ என்றார்கள். பைக்கில் விழுந்தவன். ஹெல்மெட் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் இன்னொருவரும் போனோம். காரைக்குடியிலிருந்து அரைமணி நேரம். பழைய வீடு, பாகம் பிரித்ததில் அவர்கள் பங்குக்கு வந்தது இரண்டு அறை. ஆத்தங்குடித் தளத்தில் கட்டில் கால் பட்ட இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. ஆச்சியின் இடுப்பில் போன் செருகியிருந்தது. அதில் அலாரம் அடித்ததும் எழுந்து, மகனுக்கு அடியில் மடித்துப் போட்ட வேட்டியை ஒருபக்கமாக இழுத்து, முட்டியை மடக்கி, ஒரே மூச்சில் அவனை இடதுபக்கம் திருப்பினார்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிக்கு நடுவே ஒன்று. பிறகு சுவரில் மாட்டியிருந்த கொத்தை எடுத்து எழுதினார்கள். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பி நூலில் கோத்திருந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் மணி, அதற்கு எதிரே ‘இ’ அல்லது ‘வ’. இடது, வலது. ராத்திரி இரண்டு மணிக்கும் இருந்தது, நாலு மணிக்கும் இருந்தது. இரண்டு வருஷத்தில் அந்தப் பையன் உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது.

எவ்வளவு வசதியான இடத்திலும் நர்ஸ்கள் செய்வது அதைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போதும் கொடுத்த பிறகு கொஞ்ச நேரமும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, கை கால் மூட்டுகள் இறுகிவிடாமல் தினமும் மடக்கி நீட்டுவது. வசதி இருந்தால் காற்று மெத்தை உதவும். ஆனால் மெத்தை இருக்கிறதே என்று திருப்பாமல் விடக் கூடாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும், படுத்திருப்பவர்களுக்கான பராமரிப்பும் தருகிறார்கள். பலருக்குத் தெரிவதில்லை.

நாங்கள் செய்வது ரொம்பச் சின்ன வேலை. ஞாயிற்றுக்கிழமை முறை வைத்து இரண்டு பேர் போவோம். மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை பையன் பக்கத்தில் உட்காருவோம். போன் எங்களிடம் இருக்கும், தாளில் நாங்கள் எழுதுவோம். ஆச்சி தூங்குவார்கள். முதல் நாள் அவர்கள் தூங்கவே இல்லை, அடுக்களையில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான்காவது வாரம்தான் குறட்டைச் சத்தம் கேட்டது. எங்களுக்கு அது செப்பாங் வெற்றி.

இப்போது மூன்று வீடுகளுக்குப் போகிறோம்.

பார்க்கப் போகும்போது என்ன பேசுவது? சங்கடமாக இருக்கிறதே.

‘ஏதாவது முன்னேற்றம் தெரியுதா’ என்று கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் அதையே கேட்டால், இல்லை என்று ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டார் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த ஊரிலோ யாரோ எழுந்து நடந்த கதையையும் சொல்லாதீர்கள். படுத்திருப்பவருக்குக் காது கேட்கும் என்று நினைத்தே பேசுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், இன்றைக்கு மழை என்று சொல்லுங்கள். நான் அந்தப் பையனிடம் எந்த வண்டியில் என்ன கோளாறு வந்தது என்று கடைக் கதை சொல்வேன். அவனுக்கு வண்டி என்றால் உயிராம்.

அஜித் சார் துபாயில் ஓட்டியதைப் பார்த்துத்தான் எனக்கு ரேஸே பிடித்தது. நானும் வரலாமா?

தாராளமாக வாங்க தம்பி. 2025 ஜனவரியில் அவருடைய அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் எடுத்த பிறகு வந்தவர்கள்தான் இப்போது எங்களில் பாதிப் பேர். ஓட்ட ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போய் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். கோவிலூர் ரோட்டில் வேண்டாம்.

அவர் திரும்பி வருவார் என்று இன்னும் நம்புகிறீர்களா?

செப்பாங்கில் வந்த மாதிரி என்று கேட்டால், அப்படி நான் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன்.

2025 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. மூன்று முறை சாம்பியன் ஜாக்கி ஸ்டூவர்ட், மறதி நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, உயிரோடு இருக்கும் எல்லா ஃபார்முலா ஒன் சாம்பியன்களிடமும் ஒரு வெள்ளை ஹெல்மெட்டில் கையெழுத்து வாங்கினார். அவருடைய மனைவிக்கு அந்த நோய். அந்த ஹெல்மெட்டில் ஷூமாக்கரின் பெயரின் முதல் எழுத்துகள், எம், எஸ் என்று இரண்டே எழுத்து. கொரின்னா கையைப் பிடித்து உதவியதாகச் செய்தியில் இருந்தது. மனைவிக்காக ஒருவர் கேட்க, இன்னொரு மனைவி கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார். கடையில் உட்கார்ந்து அந்த இரண்டு எழுத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டுக்குப் போனபோது போனில் அவர்களுக்கும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். ‘அந்தப் பொண்ணு தூங்குதா?’ என்று கேட்டார்கள்.

அடுத்த முகாமுக்கு எப்போது, எப்படி வர வேண்டும்?

ஜனவரி 3, காலை ஒன்பது மணி. எந்தக் கிழமையாக இருந்தாலும் அதே தேதிதான், மாற்ற மாட்டோம். இடம் எது என்று டிசம்பர் கடைசி வாரத்தில் செக்காலை ரோட்டில் போர்டு வைப்போம். இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சிவப்புச் சட்டை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் சரி. வண்டியில் வந்தால் ஹெல்மெட்டோடு, பட்டை போட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் அன்றைக்கே என்னிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது வீட்டுக்கு இன்னும் ஒரு ஆள் குறைகிறது.